முப்பது வயதில் சொந்த லேப்: இப்போதே எடுப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதல் ஆள் இங்கே சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட் தம்பி. முனைவர் பட்டம் முடித்துவிட்டு வெளிநாட்டில் ஒன்றரை வருடமாகப் போஸ்ட்டாக், அதாவது இன்னொருவர் லேபில் ஆய்வு வேலை. கேள்வி, தேசிய ஆய்வு அறநிறுவனம் (என்ஆர்எஃப்) தரும் விருதைப் பற்றி. "அக்கா, என்ஆர்எஃப் ஃபெல்லோஷிப்புக்குப் போடுன்னு பாஸே சொல்றாரு. கிடைச்சா ஊருக்குத் திரும்பி சொந்த லேப். ஆனா எனக்கு இன்னும் பெரிய பேப்பர் ஒண்ணும் வரலையே, ரெண்டு வருஷம் பொறுக்கவா?" இரண்டாவது, சென்னையில் படித்து இங்கே முனைவர் பட்டம் வாங்கிய ஒரு பெண். மூன்று வயதுக் குழந்தை, கணவருக்கு சாங்கி பக்கம் நல்ல வேலை, இவருக்கோ அமெரிக்காவில் ஒரு சின்ன ஃபெல்லோஷிப் கண்ணில் படுகிறது. மூன்றாவது ஆளுக்கு விருதே கிடைத்துவிட்டது, கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை.

மூவரிடமும் தேக்காவிலும் தொலைபேசியிலும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் வரிக்குதிரை மீனை வைத்து வேலை செய்யும் உயிரியல்காரி. நான்கு வருடம் போஸ்ட்டாக், அப்புறம் சொந்த லேப். என் வீட்டுக்காரர் ஆய்வே வேண்டாமென்று ஒரு நிறுவனத்துக்குப் போனவர். இரண்டு கட்சியும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வாக்குவாதத்துக்குப் பஞ்சமில்லை. கணினி, கணிதம், பொருளியல் ஆட்கள் பணக் கணக்கைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஃப்ரீசர் வேண்டாம், ஆனால் ஜிபியு (வேகமாகக் கணக்குப் போடும் கணினிச் சில்லு) வேண்டும். எப்படியும் பணம் எங்காவது போகத்தான் செய்யும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு பணம்?" என்று. நான் முதலில் கேட்பது: உங்கள் கேள்வி யாருடையது?

இது தத்துவம் இல்லை, நடைமுறை. நீங்கள் விண்ணப்பத்தில் எழுதப்போகும் ஆய்வை உங்கள் பாஸின் லேபிலேயே, அவருடைய பணத்திலேயே, அவருடைய கருவியிலேயே இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் நீங்கள் வெளியே வந்த மறுநாள் அங்கே இன்னொரு போஸ்ட்டாக் அதையே தொடருவார், அதுவும் இருபது பேர் கொண்ட லேபின் வேகத்தில். நீங்கள் இங்கே காலி அறையில் மேசைக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாஸ் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. நல்லவர்தான், ஆனால் அவருக்கும் மானியம் புதுப்பிக்க வேண்டும். மாறாக, அந்தக் கேள்வியை அவர் கூரையின் கீழ் கேட்கவே முடியாது (அவருக்கு அக்கறை இல்லை, அல்லது வேறு விலங்கு, வேறு முறை தேவை) என்றால், பொறுப்பதில் லாபம் குறைவு. நான் பார்த்தவரை சீக்கிரம் ஆரம்பித்து நன்றாக வந்தவர்களும் திணறியவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிந்தார்கள்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விருதுத் தொகையில் உண்மையில் கையில் நிற்பது எவ்வளவு. கடிகாரம் எந்தத் தேதியில் ஓட ஆரம்பிக்கிறது. பெயர் தெரியாத புது லேபுக்கு யார் வேலைக்கு வருவார்கள். ஐந்து வருடம் முடிந்த மறுநாள் உங்கள் சம்பளத்தை யார் கொடுப்பார்கள். கடைசியாக வீடு, அதாவது துணை, குழந்தை, வயதான அம்மா அப்பா, விசா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கடைசியாகச் சொன்னாலும் பலருக்கு முடிவு செய்வது இதுதான், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

## முதல் வழி: உள்ளூரிலேயே பெரிய விருது

தேசிய ஆய்வு அறநிறுவனம் 2006ல் பிரதமர் அலுவலகத்தின் கீழ் ஏற்படுத்தப்பட்டது. அதன் ஃபெல்லோஷிப் முதல் அணி 2008ல் வந்தது. எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், இளம் ஆய்வாளராக இருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்குச் சுமார் 3 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் ஆய்வுப் பணம், எந்தப் பல்கலைக்கழகம் அல்லது ஆய்வுக்கழகம் என்பதில் உங்களுக்கும் ஒரு பேச்சு உண்டு. பட்டியலில் தேறினால் இங்கே வந்து நிபுணர் குழுவின் முன்னால் பேச வேண்டும்.

உலகக் கணக்கில் இது பெரிய தொகை. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் ஆரம்பநிலை மானியம் பொதுவாக ஐந்து வருடத்துக்கு 1.5 மில்லியன் யூரோ வரைதான். அதனால்தான் தம்பிமாருக்குக் கண் அங்கே போகிறது. தப்பில்லை.

ஆனால் கணக்குப் போடுவோம். ஒரு போஸ்ட்டாக்குக்கு மாதம் 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் முதலாளி பங்காக மசே நிதிக்கு (மத்திய சேம நிதி) 17 விழுக்காடு, அதாவது 1,020. வருடத்துக்கு 84,240. இரண்டு பேர் என்றால் 168,480. ஓர் ஆய்வு உதவியாளர், மாதம் 4,000, அதே கணக்கில் வருடம் 56,160. இந்த மூன்று பேருக்கு மட்டும் ஐந்து வருடத்தில் 1.12 மில்லியன் போய்விடும். இதில் போனஸ் இல்லை, சம்பள உயர்வு இல்லை, மருத்துவக் காப்புறுதி இல்லை. ஒரு நல்ல கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் வாங்க நினைத்தால் அரை மில்லியனைத் தொட்டுவிடும், அதற்கு வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் வேறு. அந்த ஒப்பந்தத்தை முதல் பட்ஜெட்டில் எழுத மறப்பவர்கள் நிறைய. நானும் மறந்தேன். மூன்றாம் வருடம் லேசர் போனபோதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று, பணம் ஒரே பானையில் இருக்காது. ஆள், கருவி, நுகர்பொருள், பயணம் என்று தனித்தனித் தலைப்பு. ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி கேட்டு எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். எல்லாம் நியாயமான விதிதான், பொதுப்பணம். ஆனால் போஸ்ட்டாக்காக இருந்தபோது "பாஸ், இதை ஆர்டர் போடலாமா?" என்று கேட்டு மூன்றாம் நாள் பெட்டி வந்து சேர்ந்த வாழ்க்கை முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கடிகாரம் பற்றித்தான் இந்த வழியில் நான் அதிகம் பயமுறுத்துவேன். கையெழுத்தான தேதியிலிருந்து ஐந்து வருடம் ஓடுகிறது என்று வையுங்கள். அறை தயாராக நான்கு மாதம், வெளிநாட்டிலிருந்து கருவி வர இன்னும் சில மாதம், ஆள் எடுக்க ஆறு மாதம், அதில் தேர்வான ஒருவருக்கு வேலை அனுமதி வர ஒரு இழுவை. விலங்கு ஆய்வு என்றால் நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு ஒப்புதல் தராமல் ஒரு மீனைத் தொட முடியாது. மனிதத் திசு என்றால் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருக்கிறது, அதற்கான படிவங்கள் இருக்கின்றன. முதல் உருப்படியான தரவு எனக்கு வந்தது பதினாறாவது மாதம். அதற்குள் முதல் வருடாந்தர அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன், என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு வரியை எழுத்தில் வாங்குங்கள்: தொடங்கும் தேதி அறை கையளிக்கப்படும் தேதியா, நீங்கள் வேலைக்குச் சேரும் தேதியா? தள்ளிப்போட முடியுமா? குழந்தை பிறந்தால் நீட்டிப்பு உண்டா?

எந்த நிறுவனத்தில் இறங்குகிறீர்கள் என்பதில் இன்னொரு மறைந்த செலவு ஒளிந்திருக்கிறது. வெளியூரில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சிங்கப்பூரில் ஆய்வுக்குப் பணம் தரும் கதவுகள் எண்ணிக்கையில் குறைவு. கல்வி அமைச்சின் கல்விசார் ஆய்வு நிதி, தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கானது. அரசாங்க ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் ஆய்வுக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு அதில் தலைமை ஆய்வாளராக நிற்க முடியாது. அதற்குப் பதில் ஆய்வுக்கழகத்தில் மையக் கருவிகளும் உள் நிதியும் கிடைக்கும், பாடம் எடுக்கும் பாரம் இல்லை. உடல்நலம் சார்ந்த ஆய்வென்றால் தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் இளம் ஆய்வாளர் மானியம் இருக்கிறது, ஆனால் உங்கள் கேள்வி நோயாளிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்லத் தெரிய வேண்டும். மொத்தத்தில், கெண்ட் ரிட்ஜா நன்யாங்கா (இரண்டும் பல்கலைக்கழகம்) பயோபோலிஸா (ஏ-ஸ்டார்) என்பது காப்பிக்கடைச் சாப்பாட்டு விஷயம் இல்லை, நான்காம் வருடம் நீங்கள் எந்தக் கதவைத் தட்டலாம் என்கிற விஷயம். தம்பிக்கு இதைச் சொன்னபோதுதான் முதல் தடவையாகக் குறிப்பு எடுத்தான்.

ஆட்கள்? பெரிய விருதின் பெயரைப் பார்த்து விண்ணப்பங்கள் வரும், நூற்றுக்கணக்கில் வரும். நல்லவர்கள் வருவது வேறு கதை. நல்ல போஸ்ட்டாக் பெயர்பெற்ற லேபுக்குத்தான் போவார். எனக்கு முதல் இரண்டு பேரில் ஒருவர் தேறவில்லை, அவரை வழியனுப்பிவிட்டு இன்னொருவரை எடுக்கப் பதினோரு மாதம் போனது. திரும்பிப் பார்த்தால், முதலில் எடுத்த ஆய்வு உதவியாளர்தான் லேபையே தூக்கி நிறுத்தினார். பாலிடெக்னிக் முடித்தவர், மீன்தொட்டி பராமரிப்பிலிருந்து கணக்கு வழக்கு வரை கைக்குள் வைத்திருந்தார். என்னைக் கேட்டால் பாதிப் பணத்துக்கு ஆள் எடுங்கள், மீதியை முதல் இரண்டு வருடம் தொடாதீர்கள்.

இந்த வழி யாருக்கு: கேள்வி தன்னுடையது, முறை கையில் பழகியது, குறைந்தது ஒரு வேலை (பேப்பராகாவிட்டாலும்) முடியும் நிலையில் உள்ளது, இங்கேயே நீண்ட காலம் இருக்கப் போகிறவர்.

## இரண்டாவது வழி: சின்ன லேப், பெரிய நிழல்

இதை நம் ஊர் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பேராசிரியர் பதவி இல்லை, பாடம் இல்லை, இரண்டு மூன்று பேர் மட்டும், சில வருடங்களுக்கு ஒரு நிறுவனம் உங்களுக்கு அறையும் பணமும் தந்து "போய் உன் வேலையைப் பார்" என்று விட்டுவிடும். பாஸ்டன் அருகே கேம்பிரிட்ஜில் இருக்கும் ஒயிட்ஹெட் நிறுவனம் 1984லிருந்து இதைச் செய்கிறது. அங்கே முதல் ஃபெல்லோவாகச் சேர்ந்த டேவிட் பேஜ் பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்களின் ஆரம்பச் சுதந்திர விருதும் இதே சாயல். முனைவர் பட்டம் முடித்த சூட்டோடு, போஸ்ட்டாக்கைத் தாண்டிக் குதிக்க விரும்புகிறவர்களுக்கு, நேரடிச் செலவாக வருடத்துக்கு 250,000 அமெரிக்க டாலர் வரை, ஐந்து வருடம். ஒரு நிறுவனம் உங்களுக்கு இடம் தர முன்வர வேண்டும்.

இந்த மாதிரிக்கு நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள். கேரல் கிரைடர் 1987ல் முனைவர் பட்டம் வாங்கி, அடுத்த வருடமே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஃபெல்லோவாகத் தன் லேபைத் தொடங்கினார். குரோமோசோம் முனைகளை நீட்டும் டெலோமரேஸ் நொதிக்குள் இருக்கும் ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்த கட்டுரை 1989ல் வந்தது. 2009ல் நோபெல். ஆண்ட்ரூ ஃபயர் 1986ல் பால்டிமோரில் கார்னெகி நிறுவனத்தின் கருவியல் துறைக்கு ஸ்டாஃப் அசோசியேட்டாகப் போனார், புழுவில் ஆர்என்ஏ குறுக்கீட்டை (ஆர்என்ஏவால் மரபணுவை அடக்குவது) காட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் லேப் தலைவரான அவர் பெயர்தான் முதலில் நிற்கிறது. நம் துறை வழக்கப்படி தலைவர் பெயர் கடைசியில் வரும், எனவே இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அவருக்கு நோபெல் 2006ல். கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாவ்ஸும் 1978ல் ஹைடல்பெர்க்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஒரே சின்ன லேபைப் பங்கிட்டுக்கொண்டு பழ ஈயின் மரபணுக்களைத் துருவினார்கள். 1980ல் கட்டுரை, 1995ல் நோபெல், ஆனால் இடையில் 1981லேயே இருவரும் வேறு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

நோபெல் வாங்கியவர்களை மட்டும் எடுத்துக் காட்டுவது ஏமாற்று வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், அதே திட்டங்களில் சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் போனவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. நான் கவனிக்கச் சொல்வது விருதை இல்லை, கிரைடரின் கேள்வியை. அது அவர் மாணவியாக இருந்தபோது எலிசபெத் பிளாக்பர்னோடு சேர்ந்து கண்டுபிடித்த நொதியின் தொடர்ச்சி. 1989 கட்டுரையிலும் பிளாக்பர்ன் பெயர் உண்டு. மேலே நான் சொன்ன அளவுகோலுக்கு இது நேர் எதிர் மாதிரி தெரிகிறது இல்லையா? பாஸின் கேள்வியையே எடுத்துக்கொண்டு போயும் நடக்கலாம், ஆனால் இரண்டு பேருக்கும் யார் எதைச் செய்வது என்று ஒரு புரிதல் இருந்தால்தான். அந்தப் புரிதல் எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த வழியின் ருசி, உங்கள் கை பிப்பெட்டை விடாது. லேப் சின்னதாக இருப்பதால் நீங்களே பெஞ்சில், அதாவது சோதனை மேசையில் நிற்பீர்கள். முதல் வழியில் மூன்றாம் மாதத்திலிருந்து நீங்கள் எக்செல் கோப்பில்தான் நிற்பீர்கள். இருபத்தொன்பது வயதில் பெஞ்சை விடுவது என்னைப் பொறுத்தவரை பெரிய நஷ்டம்.

மறைந்த செலவு? பெரும்பாலும் அங்கேயே நிரந்தர வேலை கிடையாது. மூன்றாம் வருடத்திலிருந்து வேலை தேட வேண்டும், அதாவது லேப் சூடு பிடிக்கும்போதே மூட்டை கட்டத் தயாராக வேண்டும். உங்களை நம்பி வந்த இரண்டு பேரின் கதியையும் யோசிக்க வேண்டும். முனைவர் பட்ட மாணவர்களை எடுக்கும் உரிமை இருக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேளுங்கள்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு வீட்டுச் செலவு தனி. அமெரிக்காவுக்கு ஜே-1 (பரிமாற்ற வருகையாளர்) விசாவில் போனால், ஜே-2ல் வரும் துணை வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பி (வேலை) விசாவில் போனால், எச்-4ல் வரும் துணைக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை. ஆனால் ஜே-1ல் சிலருக்கு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொள்ளும், உங்களுக்கு உண்டா என்று தாளைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். வீவக வீடு வாங்கிக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்து வருடம் முடியவில்லை என்றால் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. புதிய பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு அது பத்து வருடம், முழு வீட்டு வாடகை அதற்குப் பிறகும் கிடையாது. வீடு பூட்டியே கிடக்கும், தவணை மட்டும் ஓடும். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்தவருக்குக் கட்டாயப் பணிக்காலம் பாக்கி இருந்தால் இந்த வழியைப் பற்றி யோசிக்கும் முன்னால் அதைத் தள்ளிவைக்க அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். நஷ்ட ஈட்டுத் தொகையைப் பார்த்தால் தூக்கம் வராது.

## மூன்றாவது வழி: இன்னும் இரண்டு மூன்று வருடம் போஸ்ட்டாக், பிறகு உதவிப் பேராசிரியர்

நம் வீடுகளில் "முப்பத்தி ரெண்டு வயசாச்சு, இன்னும் படிக்கிறானா?" என்று கேட்பார்கள். போஸ்ட்டாக் படிப்பு இல்லை என்று என் அம்மாவுக்கு விளக்கவே எனக்கு மூன்று தீபாவளி ஆனது. அந்தக் கேள்விக்குப் பயந்து சீக்கிரம் லேப் எடுக்காதீர்கள், அவ்வளவுதான் இதில் நான் சொல்வது.

இந்த வழி பலருக்கு நன்றாகவே பொருந்தும். பாஸின் பணத்தில், பாஸின் கருவியில், உங்கள் பெயர் முதலில் வரும் ஒரு பெரிய கட்டுரை. தோற்றால் பாஸின் பணம்தான் தோற்றது. இதைக் கொடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அவருக்கும் அது தெரிந்த கணக்குதான். அப்புறம் வேலைக்குப் போகும்போது தொடக்க நிதி கிடைக்கும். உதாரணத்துக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நன்யாங் உதவிப் பேராசிரியர் பதவியில் அது 1 மில்லியன் வெள்ளி வரை. தொகை பெரிய விருதில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் நிரந்தரத்துக்கான பாதை அதோடு சேர்ந்தே வருகிறது. பெரிய விருதை அதற்குப் பிறகும் தேடலாம், தகுதிக் காலம் தாண்டாமல் இருந்தால்.

அந்த "தாண்டாமல்" என்கிற சொல்தான் மறைந்த செலவு. இளம் ஆய்வாளர் விருதுகள் பலவும் முனைவர் பட்டத் தேதியிலிருந்து வருடம் எண்ணும். ஒரு வருடம் பொறுக்கிறேன், இன்னொரு பேப்பர் வரட்டும், திருத்தம் கேட்டிருக்கிறார்கள், இன்னும் ஆறு மாதம் என்று போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் வாசல் சாத்தியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே ஒரு சுற்று பிந்தினார். அவருடைய பேப்பர் கடைசியில் நல்ல இடத்தில்தான் வந்தது, ஆனால் விண்ணப்பிக்க முடியவில்லை. இன்று சம்பளத் தாளில் "மூத்த ஆய்வாளர்" என்று எழுதியிருக்கிறது, லேப் இன்னொருவர் பெயரில்.

சம்பளம் என்றால், ஐந்து வருடம் வெளிநாட்டுப் போஸ்ட்டாக் என்பது ஐந்து வருடம் சம்பளத்திலிருந்து மசே நிதிக்கு ஒரு வெள்ளிகூடப் போகாத காலம். வயதுக்கேற்ற வீடு வாங்கும் கணக்கு அங்கே ஆடும். தனியாள் என்றால் 35 வயதுக்குப் பிறகுதான் வீவக வீடு வாங்க முடியும், ஆகவே அந்தப் பக்கம் அவசரம் குறைவு. பார்த்தீர்களா, தனியாய் இருப்பதிலும் ஒரு சின்ன வசதி.

## நான்காவது வழி: லேப் தலைவராகவே வேண்டாம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், என் வீட்டுக்காரர் வாசித்தால் சண்டைக்கு வருவார். ஆய்வில் பிடிப்பு இருக்கிறது, ஆனால் ஆள் மேய்ப்பதும் மானியம் எழுதுவதும் பிடிக்கவில்லை என்றால், இன்னொருவர் லேபில் மூத்த விஞ்ஞானியாகவோ மையக் கருவிக்கூடத்தின் பொறுப்பாளராகவோ நிறுவனத்திலோ இருப்பது தோல்வி இல்லை. என் வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறார், வார இறுதியில் மகளோடு ஈஸ்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டுகிறார், அவ்வப்போது என் தரவைப் பார்த்து என்னைவிட நல்ல யோசனை சொல்கிறார். குறை என்னவென்றால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று அவர் முடிவு செய்வதில்லை. அது அவரைத் தொந்தரவு செய்யவில்லை. என்னைத் தொந்தரவு செய்யும்.

## ஒரே பார்வையில்

| | உள்ளூர்ப் பெரிய விருது | சின்ன ஃபெல்லோ லேப் | நீண்ட போஸ்ட்டாக், பிறகு பதவி | லேப் இல்லாத வேலை |
|---|---|---|---|---|
| கேள்வி | முழுக்க உங்களுடையது, அப்படி இல்லாவிட்டால் ஆபத்து | உங்களுடையது, பாஸோடு பங்கிட்டாலும் ஓடும் | பாதி பாஸுடையது | இன்னொருவருடையது |
| பணம் | பெரியது, தலைப்பு வாரியாகக் கட்டப்பட்டது | சின்னது, சுற்றியுள்ள வசதி பெரியது | தொடக்க நிதி, பின்னால் தேட வேண்டும் | உங்கள் தலைவலி இல்லை |
| பெஞ்சில் உங்கள் நேரம் | சீக்கிரம் குறையும் | அதிகம் | அதிகம் | இடத்தைப் பொறுத்தது |
| ஐந்து வருடம் கழித்து | பேசி வைத்தால் தொடரும் | பெரும்பாலும் இடம் மாற வேண்டும் | நிரந்தரத்துக்கான பாதை | ஒப்பந்தம் அல்லது நிறுவன வேலை |
| முக்கிய ஆபத்து | கடிகாரம், தவறான ஆள் | மூட்டை கட்டுவது, விசா | தகுதிக் காலம் தாண்டுவது | கேள்வி கைமாறுவது |

அட்டவணையில் வராத ஒன்று: விண்ணப்பிப்பதும் எடுத்துக்கொள்வதும் ஒன்றில்லை. விண்ணப்பம் எழுதும் அந்த மூன்று மாதத்தில்தான் பலருக்குத் தங்கள் கேள்வி என்னவென்றே தெரியவருகிறது. கிடைக்காவிட்டாலும் அந்தப் பத்துப் பக்கம் வீண் போகாது. ஆனால் ஒரு எச்சரிக்கை, பரிந்துரைக் கடிதம் கேட்டு மூன்று பெரியவர்களை வருடா வருடம் தொந்தரவு செய்தால் நான்காம் வருடக் கடிதத்தில் சூடு இருக்காது.

## அந்த மூன்று பேருக்கு

விருது கையில் உள்ளவரிடம் கையெழுத்துப் போடச் சொன்னேன், நான்கு கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வந்த பிறகு. உங்கள் சம்பளம் விருதிலிருந்தா நிறுவனத்திலிருந்தா? ஐந்தாம் வருடம் முடியும் முன் நிரந்தரத்துக்கான மதிப்பீடு நடக்குமா, எந்த வருடம்? வருடத்துக்கு எத்தனை பாடம்? அறை எது, எண் என்ன, இப்போது அதில் யார் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரித்தார். எனக்குத் தருவதாகச் சொன்ன அறையில் நான் போன அன்று இன்னொரு குழுவின் நான்கு ஃப்ரீசர்கள் நின்றன. அவை நகர ஏழு மாதம் ஆனது. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

குழந்தை உள்ள பெண்ணுக்கு என்னால் நேரடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அறிவியலை மட்டும் பார்த்தால் அந்தச் சின்ன ஃபெல்லோஷிப் அவருக்கு அச்சாகப் பொருந்துகிறது. கேள்வி அவருடையது, கைவேலை பிரமாதம், ஆள் மேய்ப்பதில் ஆர்வம் இல்லை. ஆனால் கணவரின் வேலை இங்கே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் இங்கே, அங்கே பாலர் பள்ளிக் கட்டணம் மட்டும் சம்பளத்தில் பெரிய துண்டைக் கடிக்கும். "கணவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன். "இன்னும் சொல்லலக்கா" என்றார். முதலில் அவரிடம் சொல்லுங்கள், அதற்கு முன் என்னிடம் கேட்டு என்ன பயன் என்றேன். போன வாரம் சொல்லிவிட்டாராம். ஜே-2 வேலை அனுமதி பற்றி இப்போது கணவர்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

தம்பி விஷயத்தில் நான் முதலில் பொறுக்கச் சொன்னேன், அப்புறம் மாற்றிக்கொண்டேன். அவன் எழுதிய ஒரு பக்கத்தை வாங்கிப் படித்தபோது பாதி பாஸின் வேலை, மீதிப் பாதி வேறு யாரும் செய்யாதது. "இந்த ரெண்டாவது பாதியை மட்டும் எடுத்தா அஞ்சு வருஷத்துக்குத் தாங்குமா?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தான். "தாங்கும்க்கா. ஆனா அதுக்கு வேண்டிய எலி வகை அவர் லேபோடது." அப்படியென்றால் அந்த எலியை எடுத்துப்போகலாமா, எதை நீ தொடரலாம், எதை அவர் வைத்துக்கொள்வார் என்று அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்கு, வாய்வார்த்தை வேண்டாம் என்றேன். விண்ணப்பம் போடச் சொன்னவரே அவர்தானே, கேட்கக் கூச்சம் எதற்கு.

நேற்று இரவு தகவல் அனுப்பியிருந்தான். பாஸ் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். எலி உண்டு, வைரஸ் முறை உண்டு, அவன் எழுதியதில் மூன்றாவது திட்டம் மட்டும் கிடையாதாம். அவனுக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றாவது திட்டம்தான், அதனால் இந்த வருடச் சுற்றுக்குப் போடுவதா என்று திரும்பவும் கேட்கிறான்.